இருட்டைப் படம் பிடிக்க ஒரு மொட்டைமாடி போதும்

புரட்டாசியில் மழை விட்ட ஒரு முன்னிரவாகப் பார்த்து மாடிக்குப் போங்கள். ஏழரை எட்டு மணிக்கு ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேலே திருவோணம் நிற்கும். அதன் இரண்டு பக்கமும் காவலாள் மாதிரி மங்கலாக ஒவ்வொரு நட்சத்திரம். வடமேற்கில் இருப்பதற்குத் தராசத் என்று பெயர். அங்கிருந்து மேற்கே மூன்று முழுநிலவு அகலம் தள்ளினால், நட்சத்திரமே இல்லாத ஒரு திட்டு இருக்கிறது. ஆங்கில 'ஈ' எழுத்தைக் கரித்துண்டால் எழுதியது போல இருக்கும். வெறும் கண்ணுக்குத் தெரியாது. 70 மில்லிமீட்டர் தொலைநோக்கி, பழைய டிஎஸ்எல்ஆர் கேமரா, மூன்று மணி நேரப் பொறுமை, இவை இருந்தால் கணினித் திரையில் வந்து நிற்கும். பெயர் பர்னார்டு 142, 143. இந்தக் கட்டுரை முழுக்க அதையே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன். முதல் முயற்சிக்கு அதைவிடத் தோதான இருள் நெபுலா (நெபுலா என்றால் விண்வெளி மேகம்) நம் வானத்தில் கிடையாது என்பது என் கணக்கு.

நான் இருப்பது குடியாத்தத்துக்கு வடக்கே, சைனகுண்டா சோதனைச்சாவடிக்கு இந்தப் பக்கம். மலைக்கு அந்தப் பக்கம் ஆந்திரா, பலமநேர் காடு. பக்கத்துக் கொல்லைக்காரர் ஒருநாள் நடுராத்திரி தண்ணீர் பாய்ச்ச வந்தவர், மாடியில் சிவப்பு விளக்கைப் பார்த்து நின்றுவிட்டார்.

"இன்னா தம்பி, ராவெல்லாம் முழிச்சிக்கினு இருட்டையா படம் புடிக்கிற?"

"ஆமாண்ணா. உங்க மோட்டார் கொட்டாய் பல்பை அணைச்சீங்கன்னா இன்னும் நல்லா புடிப்பேன்."

சிரித்துக்கொண்டே அணைத்தார். இந்தக் கலையில் முதல் படி அதுதான். அக்கம்பக்கத்தில் பேசி வைப்பது.

அது என்ன இருட்டு

பர்னார்டு என்பவர் அமெரிக்கர். சிறுவயதில் போட்டோ ஸ்டூடியோவில் வேலை செய்து வானியலுக்கு வந்தவர். 1919-இல் வானத்தின் கரும்புள்ளிகள் 182-ஐப் பட்டியலிட்டு வெளியிட்டார். அவையெல்லாம் நட்சத்திரம் இல்லாத ஓட்டைகள் என்றுதான் அதுவரை பலரும் நினைத்தார்கள், அவருக்கும் நெடுநாள் சந்தேகம் இருந்தது. ஒரு கோடை இரவில் தனுசுப் பக்கத்துப் பால்வழிக்கு முன்னால் நம் பூமியின் சின்னச் சின்ன மேகங்கள் மைச்சொட்டு போலக் கறுப்பாக மிதந்ததைப் பார்த்ததும், அங்கேயும் இப்படி ஏதோ மறைக்கிறது என்ற எண்ணம் அவருக்கு வலுத்தது.

மறைப்பது தூசி. சிகரெட் புகைத் துகள் அளவுக்கு நுண்ணிய தூசியும் மிகக் குளிர்ந்த வாயுவும். வெப்பநிலை சுமார் மைனஸ் 260 டிகிரி செல்சியஸ். பின்னாலிருந்து வரும் ஒளியில் நீலத்தை அதிகமாகவும் சிவப்பைக் குறைவாகவும் இது தடுக்கும். இதை நினைவில் வையுங்கள், கடைசியில் தேவைப்படும்.

இதிலிருந்து வேலைக்கு ஆகிற விஷயம் ஒன்று. இந்த நெபுலா தானாக ஒளி விடுவதில்லை. நீங்கள் படம் எடுப்பது பின்னணியை. பின்னணி எவ்வளவு சுத்தமாகப் பதிகிறதோ அவ்வளவுக்கு நெபுலா எழும்பி வரும். கீழே சொல்லப்போகும் எல்லாமே கறுப்புக்கும் கொஞ்சம் கறுப்புக்கும் இடையே உள்ள அந்த மெல்லிய வித்தியாசத்தைக் கெடுக்காமல் வீடு கொண்டு வந்து சேர்ப்பதற்கான பாடுதான்.

அதனால் ஒரு செலவு மிச்சம். ஒளி மாசுக்கு வடிகட்டி போட்டால் போதும் என்று கடையில் சொல்வார்கள். ஹைட்ரஜன் சிவப்பில் ஒளிரும் நெபுலாக்களுக்கு அது சரி. தூசிக்குப் பின்னால் இருப்பதோ எல்லா நிறமும் கலந்த நட்சத்திர ஒளி, வடிகட்டி அதையும் சேர்த்து வெட்டிவிடும். வடிகட்டிக்குப் போகும் காசுக்கு இருட்டான ஊருக்குப் பஸ் ஏறலாம். விதிவிலக்கு குதிரைத்தலை நெபுலா. அது சிவப்பு ஹைட்ரஜன் திரைக்கு முன்னால் நிற்பதால் அங்கே மட்டும் வடிகட்டி உதவும். மாற்றியமைக்காத சாதாரண டிஎஸ்எல்ஆருக்கு அந்தச் சிவப்பு சரியாகப் பிடிபடாது. மற்ற தூசி நெபுலாக்களுக்கு அதே கேமரா தாராளமாகப் போதும்.

எப்போது, எதை

வடகிழக்குப் பருவமழையில் ஐப்பசி, கார்த்திகை போய்விடும். மழை கழுவிய வானம் தை மாதத்தில் பிரமாதமாக இருக்கும். ஆனால் போகிப் புகை அடங்க இரண்டு நாளாகும், பனியும் கொட்டும். அந்த நாட்களில் மாலையில் ரோகிணிக்குப் பக்கத்தில் ரிஷபத் தூசி மண்டலம் உச்சியில் இருக்கும். அது பழுப்பு மூட்டம். பின்னால் பால்வழி அடர்த்தி குறைவு என்பதால் மிக மங்கல். முதல் வருஷம் அதைத் தொடாதீர்கள்.

தொடக்கக்காரருக்குத் தோதானவை பால்வழியின் அடர்ந்த பகுதிக்கு முன்னால் இருப்பவை. பங்குனி, சித்திரை விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கு அவை தெற்கே ஏறி நிற்கும். கேட்டைக்குக் கிழக்கே, கையை நீட்டி ஒரு கைப்பிடிக்குச் சற்று மேல் தள்ளி, பர்னார்டு 72 பாம்பு போல நெளிந்து கிடக்கும். தனுசு நட்சத்திர மேகத்தின் ஓரத்தில் பர்னார்டு 92, கண்மணி போல ஒரு கறுப்புத் திட்டு. அதற்குத் தெற்கே பர்னார்டு 86, ஒரு சின்ன நட்சத்திரக் கொத்தை ஒட்டி விழுந்த மைத்துளி. லண்டனில் இருப்பவருக்கு இந்த 86 அடிவானத்திலிருந்து 11 டிகிரி உயரம்கூட ஏறாது. நமக்கு 49 டிகிரி. இந்த விஷயத்தில் நாம் கொடுத்து வைத்தவர்கள். சும்மாவா தெற்கே ஜவ்வாது மலையில் காவலூரைத் தேர்ந்தெடுத்துத் தொலைநோக்கி வைத்தார்கள்.

நிலவுக்கு நாள்காட்டி போதும். அமாவாசைக்கு முன்னும் பின்னும் நான்கைந்து நாள் எந்த நேரமும் எடுக்கலாம். முன்னிரவு இலக்குக்குத் தேய்பிறை அஷ்டமி முதலே நல்லது, நிலவு நடுராத்திரிக்கு மேல்தான் வரும். விடியற்கால இலக்குக்கு வளர்பிறை அஷ்டமி வரை பரவாயில்லை, நிலவு நடுராத்திரியோடு மறைந்துவிடும்.

கருவிகளைப் பற்றி, சுருக்கமாக

காசு இருந்தால் முதலில் மவுண்டுக்கு, அதாவது வான ஓட்டத்தோடு தொலைநோக்கியைச் சுழற்றும் தாங்கிக்கு, போடுங்கள். தொலைநோக்கி அடுத்துதான். 60 முதல் 80 மில்லிமீட்டர் ஈடி கண்ணாடி (நிறம் அதிகம் சிதறாத கண்ணாடி) தொலைநோக்கி, குவியத்தூரம் 350 முதல் 450 மில்லிமீட்டர், எஃப் எண் (குவியத்தூரத்தை வாய் அகலத்தால் வகுத்தது) 6 அல்லது அதற்குக் கீழே இருந்தால் போதும். சாதாரண டிஎஸ்எல்ஆர்களில் இருக்கும் ஏபிஎஸ்-சி அளவு சென்சாரில் 400 மில்லிமீட்டர் குவியத்தூரம் சுமார் 3.4 டிகிரிக்கு 2.2 டிகிரி காட்டும். 'ஈ' அதில் நடுவில் உட்கார்ந்து, சுற்றிலும் நட்சத்திரக் கூட்டமும் இருக்கும். அந்தச் சுற்றுப்புறம் வேண்டும். நெருக்கமாகப் பெரிதாக்கினால் கறுப்பு மட்டும் தெரியும், எதற்கு எதிரே கறுப்பு என்பது தெரியாது.

மவுண்டு எத்தனை கிலோ தாங்கும் என்று அட்டையில் போட்டிருக்கிறதோ, படம் எடுக்க அதில் பாதிதான் ஏற்ற வேண்டும். வாங்கும்போது நம் ஊர் அட்சரேகைக்கு, அதாவது 13 டிகிரிக்கு, அது இறங்குமா என்று கட்டாயம் கேளுங்கள். ஐரோப்பியரை நினைத்துச் செய்த சில மவுண்டுகளில் அவ்வளவு கீழே இறங்கினால் எதிர்எடைக் கம்பி முக்காலியின் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, கம்பி இரண்டு கால்களுக்கு நடுவே வரும்படி வைப்பது ஒரு வழி.

இவை தவிர: மவுண்டு பிசகாமல் நட்சத்திரத்தைத் தொடர்கிறதா என்று கவனித்துத் திருத்த ஒரு சின்ன வழிகாட்டித் தொலைநோக்கி அதன் கேமராவுடன், லேப்டாப், 12 வோல்ட் பேட்டரி, லென்சில் பனி படியாமல் இருக்க யுஎஸ்பி சூடேற்றிப் பட்டை. கரண்டை நம்பி எதையும் செருகாதீர்கள். மூன்றாவது மணி நேரத்தில் கரண்ட் போகும்போது வருகிற வயிற்றெரிச்சலை எழுத்தில் சொல்ல முடியாது.

மாடியில்

வெயில் காலத்தில் மொட்டைமாடித் தளம் பகலெல்லாம் குடித்த சூட்டை நடுராத்திரி வரை கக்கும். நட்சத்திரங்கள் கொதிக்கிற எண்ணெய் மாதிரி அலையும். படுப்பதற்கு முன் தண்ணீர் தெளிப்போமே, அதையே ஐந்து மணிக்குச் செய்துவிடுங்கள். இருட்டுவதற்குள் ஈரம் காய்ந்திருக்க வேண்டும். மாடியில் முக்காலி நின்ற பிறகு யாரும் நடக்கக் கூடாது. கீழ் வீட்டில் கிரைண்டர் ஓடினாலே படத்தில் தெரியும்.

கொல்லையில் போய் உட்காரலாமே என்று தோன்றும். எங்கள் பக்கம் காட்டிலிருந்து யானை இறங்கும். மலையோரத்தில் இருப்பவர்கள் மாடியை விட்டு இறங்காதீர்கள்.

மவுண்டின் அச்சை வான துருவத்துக்குக் குறிவைக்க வேண்டும். அதற்கு அடையாளமான துருவ நட்சத்திரம் நமக்கு 13 டிகிரி உயரத்தில், அதாவது நீட்டிய கையில் ஒரு கைப்பிடியும் இரண்டு விரலும் சேர்ந்த உயரத்தில், இருக்கும். எனக்கோ வடக்கே மலை. எட்டிப் பார்த்தாலும் தெரியாது. இரண்டு வருஷம் இதனால் நொந்து, கடைசியில் நீனா என்ற இலவச மென்பொருளில் மூன்று புள்ளி துருவச் சீரமைப்பு இருப்பதைக் கண்டுபிடித்தேன். வானத்தில் எங்கே வேண்டுமானாலும் மூன்று இடத்தில் படம் எடுத்து, நட்சத்திர அமைப்பை வைத்து அச்சு எவ்வளவு விலகியிருக்கிறது என்று சொல்லிவிடும். துருவமே தெரிய வேண்டியதில்லை. திருகைத் திருப்பித் திருப்பி ஒரு கலைக்குள், அதாவது ஒரு டிகிரியில் அறுபதில் ஒரு பங்குக்குள், கொண்டு வந்தால் போதும்.

அடுத்தது குவியம். பாதினோவ் முகமூடியை (குவியம் பார்க்க உதவும், கோடு கோடாக வெட்டிய மூடி) தொலைநோக்கி வாயில் மாட்டி, திருவோணத்தையே திரையில் பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். மூன்று கதிர் தெரியும். நடுக்கதிர் மற்ற இரண்டுக்கும் சரிபாதியில் வரும் வரை திருகுங்கள். முகமூடி இல்லாதவர்கள் கெட்டியான கல்யாணப் பத்திரிகை அட்டையில் வெட்டிக்கொள்ளலாம், என்னுடையது அப்படித்தான். குவியம் பார்த்த பிறகு கழற்ற மறக்காதீர்கள் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நான் நாற்பது படம் முகமூடியோடு எடுத்திருக்கிறேன்.

படம்

மவுண்டை இயக்கும் கைப்பெட்டியின் பட்டியலில் பர்னார்டு எண்கள் பெரும்பாலும் இருக்காது. வானத்தில் அதன் இடத்தைக் குறிக்கும் ஆயத்தொலைவைக் கொடுத்துப் போகலாம்: வலஏற்றம் 19 மணி 40 நிமிடம், நடுவரை விலக்கம் கூட்டல் 10 டிகிரி 45 நிமிடம். திரையில் நெபுலா தெரியாது. சோதனைப் படம் ஒன்று எடுத்து, தராசத் எந்த மூலையில் இருக்கிறது என்று பார்த்து இடத்தை உறுதி செய்யுங்கள். திருவோணம் சட்டத்துக்கு வெளியே இருப்பதே நல்லது, அதன் ஒளிவட்டம் பின்னணியைக் கெடுக்கும். இந்த இலக்கு நமக்கு ஏறக்குறைய நேர் உச்சியில் கடப்பதால் கேமரா முக்காலிக் காலில் இடிக்கலாம். பகலிலேயே ஒருமுறை அந்தப் பக்கம் திருப்பிப் பாருங்கள்.

ரா வடிவம், ஐஎஸ்ஓ 800, ஒரு படத்துக்கு 120 நொடி. கேமராவின் ஹிஸ்டோகிராமில் (எவ்வளவு வெளிச்சம் பதிந்தது என்று காட்டும் வரைபடம்) மேடு இடது ஓரத்தை விட்டு விலகி, கால்வாசி தூரத்தில் நிற்க வேண்டும். ஒட்டியிருந்தால் நேரத்தைக் கூட்டுங்கள். பாதியைத் தாண்டினால் உங்கள் வானம் வெளிச்சம், குறையுங்கள்.

இப்படி நூறு படம், மூன்று மணி இருபது நிமிடம். ஏன் அவ்வளவு? இரைச்சலைப் பாதியாக்க நான்கு மடங்கு படம் வேண்டும், அது கணக்கு. 25 படத்தில் 'ஈ' தெரியும்தான். ஆனால் அதன் ஓரம் மணலில் எழுதியது மாதிரி உதிரும். ஒரே ராத்திரியில் முடிக்க வேண்டும் என்றில்லை. கேமராவைத் திருப்பாமல் வைத்தால் இரண்டு மூன்று நாள் படங்களைச் சேர்த்துக்கொள்ளலாம்.

குளிரூட்டி இல்லாத கேமராவுக்கு ஒரு கட்டாயம் உண்டு. இரண்டு மூன்று படத்துக்கு ஒருமுறை வழிகாட்டி மென்பொருள் தொலைநோக்கியைச் சில பிக்சல் இங்கும் அங்கும் நகர்த்த வேண்டும். டிதரிங் என்பார்கள். இது இல்லாவிட்டால் சென்சார் இரைச்சல் சேர்ந்து சேர்ந்து, சாய்ந்து பெய்யும் சாரல் மாதிரி படம் முழுக்கக் கோடு விழும். பிரகாசமான நெபுலாவில் அது மறைந்துகொள்ளும். இருள் நெபுலாவில் மறைய இடமில்லை.

சித்திரை ராத்திரியில் கேமரா சூடாகும். ஏறக்குறைய 6 டிகிரி கூடினால் சென்சாரில் சூட்டால் தானாகச் சேரும் மின்னோட்டம் இரட்டிப்பாகும். அதனால் மூடி போட்டு எடுக்கும் இருள் படங்களை மறுநாள் வீட்டுக்குள் எடுக்காமல், வேலை முடிந்த கையோடு அதே மாடியில், அதே 120 நொடியில், இருபது எடுத்துவிடுங்கள்.

வேட்டி

முதல் வருஷம் நான் புதிதாக ஒரு நெபுலாவைக் கண்டுபிடித்தேன். 'ஈ'க்குக் கீழே, அழகான வட்டமாக, மங்கலாக. எந்தப் பட்டியலிலும் இல்லை. இரண்டு நாள் தூக்கம் வரவில்லை. மூன்றாம் நாள் வேறு பக்கத்து வானத்தை எடுத்தபோது அதே வட்டம் அதே இடத்தில் இருந்தது. சென்சாருக்கு மேல் உட்கார்ந்த ஒரு தூசி.

விண்வெளித் தூசியைப் படம் எடுக்கப் போனால் வீட்டுத் தூசி முந்திக்கொள்ளும். தூசி நிழல், மூலைகளில் விழும் இருட்டு, இவை இரண்டும் இருள் நெபுலாவைப் போலவே இருப்பதால் பிளாட் படம் (சீரான வெளிச்சத்தை மட்டும் எடுத்து, இந்த நிழல்களைப் பிறகு கணினியில் நீக்க உதவும் படம்) இல்லாமல் இந்த வேலைக்கு இறங்கவே கூடாது. மற்ற படிகளில் எங்காவது சோம்பல் படலாம், இதில் கூடாது.

செய்முறை சுலபம். வெளுத்த எட்டு முழ வேட்டியை இரண்டாக மடியுங்கள். கறை, கரை, மடிப்பு எதுவும் நடுவில் வரக் கூடாது. தொலைநோக்கி வாயில் சுருக்கமில்லாமல் இழுத்துக் கட்டி, ரப்பர் பேண்ட் போடுங்கள். விடியலில் சூரியன் வரும் முன், நட்சத்திரங்கள் மறைந்த பிறகு, நேர் உச்சிக்குத் திருப்புங்கள். ஹிஸ்டோகிராம் மேடு நடுவில் வரும்படி நேரம் வைத்து முப்பது படம். வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும், ஐந்தாறு படத்துக்கு ஒருமுறை நேரத்தைத் திருத்துங்கள். அதுவரை குவியத்தைத் தொட்டிருக்கக் கூடாது, கேமராவைக் கழற்றியிருக்கக் கூடாது. முன்னிரவு வேலையானால் விடியும் வரை கருவியை அப்படியே மூடி வைத்துவிட்டுத் தூங்கப் போகலாம்.

வேட்டியை வீட்டில் சொல்லிவிட்டு எடுங்கள்.

கணினியில்

சிரில் என்ற வானியல் பட மென்பொருள் இலவசம், எல்லாம் அதிலேயே முடியும். இருள் படங்களைக் கழித்து, பிளாட்டால் வகுத்து, வரிசைப்படுத்தி, அடுக்குவது வரை அதன் தயார் ஸ்கிரிப்ட் பார்த்துக்கொள்ளும். இடையிடையே மேகம் பட்ட படங்களை மட்டும் முன்பே கண்ணால் பார்த்துத் தூக்கிவிடுங்கள்.

அடுக்கிய படம் ஒரு பக்கம் வெளிச்சமாக இருக்கும். எனக்கு எப்போதும் கிழக்கு, வேலூர் வெளிச்சம். இதை நீக்கும் கட்டத்தில்தான் புதியவர்கள் நெபுலாவைத் தொலைக்கிறார்கள். மென்பொருள் தானாகப் புள்ளிகளை எல்லா இடத்திலும் வைக்கும். 'ஈ' மேலும் வைக்கும். இங்கே இருட்டாக இருக்கிறதே, சரிசெய்வோம் என்று அதை நிரவிவிடும். ஆகவே தானியங்கியை அணைத்துவிட்டு, கையால் பத்துப் பன்னிரண்டு புள்ளி, நட்சத்திர அடர்த்தி ஒரே மாதிரி இருக்கும் இடங்களில் மட்டும் வையுங்கள். சமன்பாட்டின் படியை ஒன்றிலேயே நிறுத்துங்கள். மிச்சம் கொஞ்சம் சாய்வு இருந்தால் இருக்கட்டும்.

பிறகு நிறச் சீரமைப்பு. சிரில் நட்சத்திரப் பட்டியலோடு ஒப்பிட்டு அதைச் செய்யும். கையால் நிறத்தை இழுக்காதீர்கள்.

அப்புறம் இழுவை, அதாவது மங்கலை மேலே தூக்குவது. ஒரே இழுப்பாக இழுக்காமல் மூன்று நான்கு முறை கொஞ்சம் கொஞ்சமாக. ஒவ்வொரு முறையும் கை தானாகக் கறுப்பு முனைப் பக்கம் (எந்த அளவுக்குக் கீழே முழுக் கறுப்பு என்று குறிக்கும் இடம்) போகும், கறுப்பு என்றால் கறுப்பாக இருக்க வேண்டாமா என்று. போக விடாதீர்கள். நெபுலாவின் ஆழமான இடத்தில்கூட நமக்கும் அதற்கும் நடுவே நட்சத்திரங்கள் உண்டு, நம் வளிமண்டலத்தின் ஒளியும் உண்டு. 0 முதல் 255 வரையுள்ள அளவில் அந்த இடம் 15, 20-க்குக் கீழே போகக் கூடாது. சுற்றுப்புறம் 50, 60-இல் இருக்கட்டும். பூஜ்யத்துக்குத் தள்ளினால் அது அட்டையில் வெட்டிய ஓட்டை மாதிரி ஆகிவிடும்.

நட்சத்திரங்களைத் தனியே பிரித்து எடுக்கும் மென்பொருள்கள் பிரபலம். மற்ற நெபுலாக்களுக்குச் சரி. 'ஈ'யை வரைந்திருப்பதே நட்சத்திரங்கள்தான். எல்லாவற்றையும் எடுத்தால் ஒரு புகைமூட்டம்தான் மிஞ்சும். வேண்டுமானால் பெரிய நட்சத்திரங்களைச் சற்று அடக்குங்கள், பொடி நட்சத்திரங்களைத் தொடாதீர்கள்.

செய்தது சரிதானா என்று பார்க்க ஒரு சோதனை உண்டு. படத்தை நூறு சதவீதத்துக்குப் பெரிதாக்கி 'ஈ'யின் விளிம்பில் மட்டும் மெல்ல நகருங்கள். வெளியே நட்சத்திரங்கள் வெள்ளையும் நீலமுமாக இருக்கும். விளிம்பை நெருங்க நெருங்க மஞ்சளாகி, உள்ளே தப்பித் தெரிகிற ஒன்றிரண்டு செங்கல் நிறத்தில் இருக்கும். முன்னே சொன்ன நீலத்தைத் தடுக்கும் தூசியின் வேலை அது. அந்தப் படிப்படியான நிறமாற்றம் உங்கள் படத்தில் இருந்தால் நிறமும் சரி, பின்னணியும் சரி. இல்லாவிட்டால் நிறச் சீரமைப்புக்குத் திரும்பிப் போங்கள், அடுக்கிய கோப்பை அழித்துவிடாமல் வைத்திருந்தால் அரை மணி நேர வேலைதான்.

பக்கத்துக் கொல்லை அண்ணனிடம் போனில் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "இங்க பூச்சி அரிச்சாப்பல கீதே, அதுவா?" என்றார். அதுவேதான் என்றேன். அடுத்த அமாவாசைக்கு எந்தத் தேதி என்று கேட்டுக்கொண்டு போனார், பல்பை அணைத்து வைக்க.